வட்ட வீதி ஏன் வளைகிறது

செழியன்,

இதை நீ ஒரே மூச்சில் வாசித்து முடிக்க வேண்டாம். உனக்குத் தமிழ் எழுத்து மெதுவாகத்தான் ஓடும் என்று எனக்குத் தெரியும். உனக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதப் போகிறேன் என்று மதுமிதாவிடம் சொன்னபோது, "கவலைப்படாதீங்க மாமா, அவருக்கு நான் படிச்சுக் காட்டறேன்" என்றாள். சென்னைப் பெண்ணின் வாயில் என் கடிதம் எப்படி ஒலிக்குமோ தெரியாது. ஆனாலும் அவள் வாசிக்கட்டும். உன் மனைவிக்குத் தெரியக்கூடாதது எதுவும் இதில் இல்லை. வேறு யார் வாசித்தாலும் எனக்குச் சம்மதமே. இந்த மொன்றியலில் என் வயதுக்காரர் பலர் வளைகுடா மணலில் சில வருடங்களை விட்டுவிட்டு வந்தவர்கள்தான். பிள்ளைகளுக்கு அதைச் சொன்னவர்கள் குறைவு.

வியாழக்கிழமை உன்னை டோர்வல் விமான நிலையத்துக்கு ஏற்றிக்கொண்டு போகப்போவது நான்தான். அந்த அரை மணி நேரத்தில் இதை வாயாலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் எந்தப் பெட்டியில் மிளகாய்த்தூள், எதில் சளி மருந்து என்று உன் அம்மா வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வருவாள். எனக்கும் உன் முகத்தைப் பார்த்தவுடன் கதையை மாற்றிவிடுகிற பழக்கம் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமையும் அதைத்தான் செய்தேன்.

அன்று நீ குசினி மேசையில் மடிக்கணினியைத் திறந்து, நீ வேலைக்குப் போகும் வளைகுடா நகரத்தின் படத்தைக் காட்டினாய். வானத்திலிருந்து எடுத்த படம். முப்பத்தைந்து வருடங்களுக்குப் பிறகு அந்த நகரத்தைப் பார்க்கிறேன். எனக்கு ஓரிடமும் பிடிபடவில்லை. கட்டடங்களின் நிழல்கள்தான் தெரிந்தன. நீ விரலால் ஒரு வீதியைத் தொட்டுக் காட்டினாய்.

"இதைப் பாருங்கோ அப்பா. வட்ட வீதி. நல்ல வடிவா வந்துகொண்டிருக்குது, இந்த இடத்திலை மட்டும் ஒரு காரணமும் இல்லாமல் வளையுது. பழைய ஆக்கள் அளக்கத் தெரியாமல் விட்ட பிழை. இதை நேராக்கிறதுதான் எங்கடை முதல் வேலை."

"அந்த நகரத்திலை பழைய ஆக்களைப் பற்றி ஏதும் எழுதி வைச்சிருக்கினமோ?" என்று கேட்டேன்.

"அங்கை என்ன பழசு இருக்கு அப்பா? எல்லாம் நேற்று முளைச்சது."

நான் தேநீரை எடுத்துக் குடித்தேன். பனி கொட்டப்போகிறதாம், காருக்கு டயர் மாற்றிவிட்டாயா என்று கேட்டேன். நீயும் டயரைப் பற்றிப் பேசத் தொடங்கினாய். செழியன், அந்த வளைவை வரைபடத்தில் நான்தான் கீறினேன். அது பிழை இல்லை. பிழை அதற்கு முன்பு நடந்தது. அதுவும் என் கையால்தான் நடந்தது.

இதற்கு முன்பும் ஒரு முறை உன்னிடம் இப்படி மழுப்பியிருக்கிறேன். பியர்பொன்ட்ஸ் பள்ளிக்கூடத்தில் உனக்குப் பத்து வயதிருக்கும்போது, ஒரு நகரத்தைக் கட்டிய தலைவரைப் பற்றிப் பிரெஞ்சில் எழுதி வரச் சொன்னார்கள். நீ என்னிடம் வந்து, "அப்பா, உங்களுக்கு அப்பிடி ஆரையும் தெரியுமோ?" என்று கேட்டாய். நான் விமான நிலையச் சமையற்கூடத்தில் பத்து மணி நேரம் சாப்பாட்டுத் தட்டுகள் அடுக்கிவிட்டு வந்து கால் நீட்டி இருந்தேன். "எனக்கு ஆரைத் தெரியும்? நான் கந்தோரிலை படம் கீறினவன்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நீ நூலகத்துக்குப் போய் மொன்றியலின் பழைய மேயர் ஒருவரைப் பற்றி எழுதி நல்ல புள்ளி வாங்கினாய். எனக்குத் தெரிந்த மனிதரைப் பற்றி நீ எழுதியிருக்கலாம். அதைச் சொல்லப் போனால் மற்றதையும் சொல்ல வேண்டிவருமே என்று பயந்தேன்.

அவர் பெயர் அபு நாசிர். நான் அங்கே போய் இறங்கியபோது அவர்தான் நகரசபைத் தலைவர். நகரம் என்று சொன்னால் நீ இப்போது பார்க்கும் நகரத்தை நினைக்காதே. ஒரு பள்ளிவாசல், ஒரு சந்தை, தகரக் கூரை போட்ட நகரசபைக் கட்டடம், கடலை நோக்கிப் போகும் ஒரு தார் வீதி. மற்ற எல்லா வீதிகளும் எங்கள் மேசைகளில் தாளாகத்தான் இருந்தன. அபு நாசிர் படித்தவர் இல்லை. நகரம் வருவதற்கு முன்பு பீப்பாய்களில் தண்ணீர் ஏற்றி லொறி ஓட்டியவர். எந்தக் குடும்பம் எந்த மணல்மேட்டுக்குப் பின்னால் இருக்கிறது, எந்த வீட்டில் எத்தனை பேர் தாகமாக இருப்பார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் சனங்கள் அவரைத் தலைவராக ஏற்றுக்கொண்டார்கள்.

படம் பார்க்க அவருக்கு ஒரு முறை இருந்தது. நாங்கள் கீறியதை மேசையில் வைத்துப் பார்க்க மாட்டார். செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் விரிக்கச் சொல்வார். "வடக்கு எங்கே?" என்று கேட்பார். நான் காட்டியதும் தாளின் வடக்கு உண்மையான வடக்கைப் பார்க்கும்படி திருப்பி வைப்பார். அதன் பிறகு பக்கத்தில் சம்மணம் போட்டு இருந்து, "இது யாருடைய வீடு? இது யாருடைய கிணறு?" என்று விரல் வைத்துக் கேட்பார். எங்களுக்கு ஆலோசனை சொல்ல ஐரோப்பாவிலிருந்து வந்திருந்த தலைமைப் பொறியியலாளர் சுவரில் சாய்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எனக்கும் அப்போது உள்ளுக்குள் சிரிப்பாகத்தான் இருந்தது. கொழும்பில் படித்துச் சான்றிதழ் வாங்கியவன் என்ற எண்ணம்.

என்னோடு அதே அறையில் வேலை செய்தவன் இத்ரீஸ். சூடான் நாட்டுக்காரன், நில அளவையாளன். என்னைவிட இரண்டு சாண் உயரம். வெயிலில் நின்று அளந்து, அளவுகளை ஒரு சிறிய குறிப்புப் புத்தகத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டு வருவான். அதைப் பார்த்து நான் மையால் படம் கீற வேண்டும். படத்தின் மூலையில் அளந்தவர் பெயர், கீறியவர் பெயர் என்று இரண்டும் இருக்கும். மத்தியானத்தில் ஒரே தட்டில் சாப்பிட்டோம். கோழிக்கோட்டுக்காரர் கோயா வைத்திருந்த தேநீர்க் கடையில் பின்னேரங்களில் ஒன்றாக இருந்தோம். அந்த நகரத்தின் வெளிநாட்டுத் தொழிலாளர் எல்லோருக்கும் கடிதங்கள் கோயாவின் கடைக்குத்தான் வரும். உன் அம்மாவின் கடிதங்களும் அங்கேதான் வந்தன.

வட்ட வீதிக்கு நிலம் அளந்த மாதம் அது. ஒரு நாள் இத்ரீஸின் புத்தகத்தில் பதினொரு சிறிய வட்டங்களைப் பார்த்தேன். வீதி போகும் பாதைக்கு நேர் நடுவில். பக்கத்தில், கல்லறைகளுக்கு அங்கே சொல்கிற சொல்லை அவன் எழுதியிருந்தான்: கபுறுகள். விசாரிக்கவும்.

"கல்லில் ஒன்றும் எழுதியில்லை. ஆனால் தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று, எல்லாம் ஒரே திசை பார்த்து இருக்கிறது. அது தானாக வந்த கல் இல்லை" என்றான் இத்ரீஸ்.

நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தலைமைப் பொறியியலாளரிடம் போனேன். அவர் பார்த்தார். வட்டங்களைக் கீறினால் வீதியின் பாதையை மாற்ற வேண்டும், படங்கள் எல்லாவற்றையும் திருப்பிக் கீற வேண்டும், வேலை மூன்று மாதம் பிந்தும் என்றார். "பாலைவனத்தில் கல் இருக்கத்தான் செய்யும். கீறாமல் விடு" என்றார். அவர் மேசையில் இன்னொரு தாளும் கிடந்தது. உன் அம்மாவை அங்கே கூப்பிடுவதற்கு நான் கொடுத்த விண்ணப்பம். அவருடைய கையெழுத்து இல்லாமல் அது நகராது. அவர் அந்தத் தாளைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். ஊரில் அப்போது நிலைமை கெட்டுக்கொண்டு வந்தது. அம்மாவின் கடைசிக் கடிதத்தில் எங்கள் தெருவில் இரண்டு வீடு எரிந்ததாக எழுதியிருந்தாள்.

நான் என் மேசைக்குத் திரும்பி வந்து, அந்த இடத்தை வெறுமையாக விட்டுக் கீறினேன். இத்ரீஸின் புத்தகத்தை என் மேசை லாச்சியில் போட்டுப் பூட்டினேன். இரண்டு கிழமையில் அம்மாவின் பத்திரத்தில் கையெழுத்து விழுந்தது.

புல்டோசர் போன அன்று காலையிலேயே செய்தி வந்துவிட்டது. ஒரு கிழவி வழியில் இருக்கிறாள், எழும்ப மாட்டேன் என்கிறாள் என்று. நாங்கள் எல்லோரும் போனோம். உம்மு கலஃப் என்று அவளுக்குப் பெயர். அந்த நகரத்தில் அவளைத் தெரியாதவர்கள் இல்லை. சந்தையில் பேரீச்சம்பழம் விற்பாள். நிறுவையில் ஏமாற்றுகிறவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திட்டுவாள், அபு நாசிரையே நடுச்சந்தையில் மறித்து நியாயம் கேட்பாள். அன்று அவள் சத்தம் போடவில்லை. கறுப்புத் துணியை இழுத்து மூடிக்கொண்டு மணலில் இருந்தாள். புல்டோசர் ஓட்டியவன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி, கொஞ்சம் தள்ளிப் போய் நின்றான்.

அபு நாசிர் நடந்து வந்தார். அவளை எழுப்பவில்லை. பக்கத்தில் போய் அவரும் மணலில் இருந்தார். அவள் ஒவ்வொரு கபுறாகக் கையால் காட்டி யார் யார் என்று சொன்னாள். நகரம் வருவதற்கு முன்பு ஒரு குளிர்காலத்தில் அம்மை வந்ததாம். கூடாரம் போட்டிருந்த குடும்பங்களில் பதினொரு பேர் போய்விட்டார்கள். அதில் இரண்டு பேர் அவளுடைய பிள்ளைகள். அபு நாசிர் அந்தக் காலத்தில் எண்ணெய்க் கிணற்று வேலைக்காக வெகுதூரம் போயிருந்தார். அந்த இடம் அவருக்குத் தெரியாது.

படத்தைக் கேட்டார். அந்த மணலிலேயே விரித்து, வடக்கைத் திருப்பி வைத்துப் பார்த்தார். அந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

"இதை அளந்தது யார்?"

"இத்ரீஸ்" என்றார் தலைமைப் பொறியியலாளர்.

இத்ரீஸ் என்னைப் பார்த்தான். நான் கையில் சுருட்டி வைத்திருந்த இன்னொரு படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு ஒரு வசனம் போதும், செழியன். அவன் குறித்திருந்தான், நான்தான் விட்டேன். அவ்வளவுதான். அந்த வசனத்தை நான் சொல்லவில்லை. உன் அம்மாவின் விமானச்சீட்டு அப்போதுதான் போட்டிருந்தேன்.

வீதி வேலை நின்றது. மறுநாள் பொறியியலாளர் இத்ரீஸை நகரத்திலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளியிருந்த தண்ணீர் இறைக்கும் நிலையத்துக்கு மாற்றினார். அங்கே ஒரு தகரக் கொட்டிலும் நான்கு இயந்திரங்களும்தான். இத்ரீஸ் தன் சாமான்களை எடுக்க வந்தபோது நான் இல்லாத வேலையை உண்டாக்கிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

பத்து நாள் போனது. கோயாவின் கடைக்குப் போனால் அவர் என் முன்னால் தேநீரை வைத்துவிட்டு ஒன்றும் கதைக்காமல் போவார். பத்தாம் நாள் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து தந்தார். இத்ரீஸின் பெயருக்கு சூடானிலிருந்து வந்த கடிதம்.

"இத நான் எப்படி அங்க அனுப்பறது? உனக்குத்தானே வழி தெரியும்" என்றார் தனக்குத் தெரிந்த தமிழில்.

அவருக்கு என்ன தெரிந்திருந்தது, என்ன தெரியாது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. நான் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேரே நகரசபைக் கந்தோருக்குப் போய், லாச்சியைத் திறந்து, அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அபு நாசிரின் வீட்டுக்கு நடந்தேன். பின்னேரத் தொழுகை முடித்து வந்திருந்தார். நான் புத்தகத்தை விரித்து வட்டங்களைக் காட்டினேன். அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் எண்ணினார். பதினொன்று.

"இது யாருடைய கை?"

"இத்ரீஸின் கை. நான்தான் படத்தில் கீறாமல் விட்டேன். புத்தகம் என்னிடம் இருந்தது."

"யார் விடச் சொன்னது?"

நான் சொன்னேன். என் விண்ணப்பத்தைப் பற்றியும் சொன்னேன். அவர் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். என்னைத் திருப்பி அனுப்பப் போகிறார் என்று நினைத்தேன். அம்மா வருவதற்கு ஐந்து நாள் இருந்தது.

"ஒரு மனிதனின் சொல்லைப் பத்து நாள் பூட்டி வைத்திருந்தாய்" என்றார். "நாளைக்கு லொறியில் போய் அவனை நீயே கூட்டிக்கொண்டு வா. அதற்குப் பிறகு உம்மு கலஃபிடம் போ. அவள் சொல்லுகிற பெயர் எல்லாவற்றையும் படத்தில் எழுது. வீதி சுற்றிக்கொண்டு போகட்டும். எப்படிப் போக வேண்டும் என்று நீ கீறு."

மறுநாள் போனேன். இத்ரீஸ் இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு இருந்தான். நான் கடிதத்தைக் கொடுத்தேன், விஷயத்தைச் சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டு, "அன்றைக்கு முழுவதும் நீ சொல்வாய் என்று காத்திருந்தேன். அதனால்தான் நான் வாய் திறக்கவில்லை. உன் வாயால் வரட்டும் என்று விட்டேன்" என்றான். அதற்குப் பிறகு ஐந்து வருடம் பக்கத்து மேசையில் வேலை செய்தான். வணக்கம் சொல்வான், அளவுகளைத் தெளிவாக எழுதித் தருவான், உன் அம்மாவின் சுகம் விசாரிப்பான். ஒரே தட்டில் மட்டும் பிறகு சாப்பிடவில்லை. என்னை மன்னித்தானா என்று நான் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

உம்மு கலஃபிடம் மூன்று பின்னேரங்கள் போனேன். முதல் நாள் முழுவதும் என்னைத் திட்டினாள். இரண்டாம் நாள் பேரீச்சம்பழம் தந்தாள், என் தாயின் பெயரைக் கேட்டாள். மூன்றாம் நாள் பெயர்களைச் சொன்னாள். பத்துப் பெயர் வந்தது. பதினொன்றாவது கபுறில் நிறுத்தினாள். "இது என் கடைசிப் பிள்ளை. ஏழாம் நாள் வருவதற்கு முன்பு போய்விட்டது. பெயர் வைக்கவில்லை. வட்டத்தை மட்டும் போடு" என்றாள். நான் அந்த வட்டத்தை மற்றவற்றைவிடக் கவனமாகப் போட்டேன்.

அந்தப் படம் இப்போது எங்கே என்று தெரியாது. கந்தோர் மூன்று கட்டடம் மாறியதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அபு நாசிர் நாங்கள் மொன்றியலுக்கு வந்த அடுத்த வருடம் காலமாகிவிட்டார். உன் மடிக்கணினியில் பார்த்தபோது வளைவுக்கு உள்ளே வெறும் நிலமும் ஒரு பக்கம் கார்கள் நிறுத்தியிருப்பதும்தான் தெரிந்தது. சுற்றுமதில் இல்லை. யாரும் கேட்காவிட்டால் அது வெறும் மணல்தான்.

இதுவரை எழுதியதை நேற்று உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நாற்பது வருடமாக அவளுக்கும் தெரியாது. அரிந்துகொண்டிருந்த லீக்ஸை அப்படியே வைத்துவிட்டு இருந்தாள்.

"அப்ப அந்தக் கையெழுத்திலையோ நான் வந்து சேர்ந்தனான்?"

"ஓம்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ வந்து இறங்கின அண்டைக்குச் சிரிச்சுக்கொண்டு வந்தனி. பேந்து சொல்லலாம் எண்டு விட்டன்."

அவள் கத்தியைத் துடைத்து ஒரு பக்கம் வைத்தாள். பிறகு, "இத்ரீஸ் அண்ணை எனக்குத் துணி எடுத்துத் தந்தவர். நான் வந்த கிழமை" என்றாள். அது எனக்குத் தெரியாது. "முழுக்க எழுதுங்கோ. ஒண்டையும் குறைக்காதேங்கோ" என்று சொல்லிவிட்டு லீக்ஸை எடுத்தாள்.

செழியன், நீ என்னைவிடக் கெட்டிக்காரன். உன் கணக்குகள் சரியாக இருக்கும். வீதி நேராகப் போனால் எத்தனை நிமிடம் மிச்சம் என்பதும் உனக்குத் தெரியும். நான் உன் வேலையில் கை வைக்கவில்லை. ஆனால் அங்கே போய் இறங்கிய முதல் கிழமை, கந்தோருக்குள் இருந்து படம் பார்ப்பதற்கு முன்பு, வெயில் ஏறமுன் அந்த வளைவுக்குப் போ. காரை நிறுத்திவிட்டு இறங்கி நட. கல் இருக்கிறதா என்று பார். சந்தைப் பக்கம் வயதான ஆட்களைக் கண்டால் உம்மு கலஃபைத் தெரியுமா என்று கேள். ஒருவருக்காவது தெரியும். அவள் மறக்கக்கூடிய ஆள் இல்லை. உன்னோடு வேலை செய்கிறவர்களில் யார் வெயிலில் நின்று அளந்துவிட்டு வருகிறார்களோ, அவர்கள் எழுதியதை நீயே வாசி. உனக்குப் பிடிக்காததை அவர்கள் எழுதியிருந்தால் இரண்டு தரம் வாசி.

சொல்ல வேண்டிய நேரம் வந்தால் அன்றைக்கே சொல். பத்தாம் நாள் சொன்னாலும் சரிதான் என்று நான் பல காலம் என்னைத் தேற்றிக்கொண்டேன். வீதி வளைந்தது, இத்ரீஸ் திரும்பி வந்தான், பிறகு என்ன என்று. ஆனால் அந்த முதல் நாளில் அவன் என்னைப் பார்த்த பார்வைக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. உனக்கு முன்னாலும் ஒருவரின் மேசை இருக்கும், அதில் உனக்கு வேண்டிய ஒரு தாள் கிடக்கும். மதுமிதாவின் விசாவாக இருக்கலாம், உன் பதவி உயர்வாக இருக்கலாம். அந்தத் தாளைப் பார்க்காதே என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. பார், ஆசைப்படு, பயப்படு. பயந்துகொண்டே சொல். வேலை போனால் பியர்பொன்ட்ஸ் வீட்டில் உன் அறை அப்படியே இருக்கிறது. அம்மா உன் பழைய ஹொக்கிச் சப்பாத்தைக்கூட எறியவிடவில்லை.

நீ அந்த வளைவைப் பற்றிச் சொன்னால், உனக்கு இது எப்படித் தெரியும் என்று உன் மேலதிகாரிகள் கேட்பார்கள். நீயாகக் கண்டுபிடித்ததாகச் சொல்லாதே. பழைய படத்தைக் கீறியவர் என் அப்பா, முதலில் அந்தக் கபுறுகளைப் படத்தில் போடாமல் விட்டவரும் அவர்தான், அளந்த சூடான்காரரில் ஒரு பிழையும் இல்லை என்று சொல். எழுத்தில் கேட்டால் எழுத்தில் கொடு. என் பெயரை முழுதாக, முதலெழுத்தோடு எழுது. எனக்கு எழுபத்து மூன்று வயதாகிறது. இனி என்னை எந்த நாட்டிலிருந்தும் யாரும் திருப்பி அனுப்ப முடியாது.

அப்பா